கிரீஸ் பூசிய கார்டும் கோயில் வீதித் தண்ணீரும்

செப்ரெம்பர் 3, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் உப்பு, சாத்தினால் புழுக்கம். சாத்திக்கொண்டு இருந்தேன்.

காலையில் கணினியைக் கழற்றித் தூசு துடைத்தேன். திரை இன்றும் கறுப்பு. கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கம், திரைக்குப் போகிற வயர் செருகும் துளைகள் எல்லாம் பச்சை பிடித்துப் போயின. உப்புக் காற்றின் வேலை.

மனுசி தேத்தண்ணியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"உப்புக் காத்தோ? போன வருசம் நீங்கள் உதுக்குள்ள கிரீஸ் பூசினதை நான் பாத்தனான்."

பூசினேன்தான். வள்ளத்து எஞ்சின் பற்றறிக்குப் பூசுவதில்லையா? இந்தத் தீவில் கிரீஸ் பூசாமல் உயிரோடு இருக்கிற இரும்பு எது? கேற்றுப் பிணைச்சல், சைக்கிள் செயின், கிணற்றுக் கப்பி, எல்லாம் கிரீஸில்தான் நிற்கின்றன.

"வள்ளத்தில ஆரும் ரீவி பாக்கிறேல்லை" என்றாள்.

ஒரு வாய் குடித்தேன். தேத்தண்ணியில் சீனி காணாது.

செய்ய வேண்டியவை:
– கார்டை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டுவது
– சீனி, மனுசியின் முழங்காலுக்கு எண்ணெய்
– ஞாயிறு கூட்டத்துக்கு முன் தண்ணீர்ப் படம்

கூட்டம் என்னத்துக்கு என்றால், எங்கள் பிள்ளையார் கோயில் வெளிவீதி முழுக்கக் கல் பதிக்கப் போகிறார்கள். இன்ரலொக் கல். செலவு சுவிஸில் இருக்கிற மகேந்திரன். கோயில் சபைத் தலைவர் குலம், மனுசியின் தம்பி, அவனுக்கும் சம்மதம். எஞ்சினியர் ஒருவர் கணினியில் செய்த படம் எல்லார் போனிலும் ஓடுகிறது. சிவப்புக் கல், பச்சைப் புல், வரிசையாக விளக்கு. கோட் போட்ட ஒருவர் கைப்பையோடு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு பிள்ளையாரைச் சுற்றி நடக்கிறார். செருப்பும் கழற்றவில்லை.

வீதி மணலில் விழுகிற மழைதான் கீழே இறங்கிக் கோயில் கிணற்றுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் உவர் இல்லாத கிணறு அது ஒன்றுதான். நிலத்துக்குக் கீழே கடல் தண்ணீர். அதன்மேல் மழைத் தண்ணீர் மிதக்கிறது. மேலிருந்து இறங்குவது நின்றால் கீழிருந்து உவர் ஏறும். பிறகு மாரியிலும் தண்ணீர் கொண்டுவருகிற பவுசருக்குக் குடம் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதைச் சித்திரையில் சொன்னேன். ஆடியிலும் சொன்னேன். "பாப்பம் அத்தான்" என்றான் குலம். என்னைக் கோயில் சபையில் ஆலோசகர் என்று போட்டிருக்கிறார்கள். ஆலோசகர் என்றால் ஒருவரும் கேட்கத் தேவையில்லாதவர்.

அவர்களுக்குப் படம்தானே வேண்டும். படம் காட்டுகிறேன்.

செப்ரெம்பர் 4, புதன்

பஸ்ஸில் யாழ்ப்பாணம். பண்ணைப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கார்டை மடியில் துவாயால் சுற்றி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த மனிதர் கணவாய் மீனோ என்று கேட்டார்.

கடைக்காரத் தம்பி கார்டைத் திருப்பிப் பார்த்தான். மணந்தும் பார்த்தான்.

"ஐயா, உது செத்த சாமான். புதுசு ஒண்டு எடுங்கோ."

"விசிறி சுத்துது. சூடேறுது. செத்தது சூடேறுமோ?"

"அப்ப உங்களுக்குக் காத்துத்தான் வேணுமெண்டால் வைச்சிருங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கார்டைத் திரும்பத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு வானொலிப் பெட்டியும் ஒருவரும் சொல்லித் தரவில்லை, கணினியும் ஒருவரும் சொல்லித் தரவில்லை. இதற்கும் ஒருவர் தேவையில்லை.

வரும்போது பஸ்ஸில் யோசித்தது: செத்தது துளைகள். வரைகிற சிப் சாகவில்லை. கணினியின் புறொசெசருக்குள்ளும் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. பலம் இல்லாதது. ஆனால் அதற்கென்று மதர்போர்டில் தனித் துளை உண்டு. கார்ட் வாங்கிய அன்று, இனி தேவையில்லை என்று அதற்கு ரேப் ஒட்டி மூடினேன். மூடியதால் கிரீஸ் பூசவில்லை.

கார்ட் வரையட்டும். சின்னது காட்டட்டும்.

சீனி வாங்கினேன். எண்ணெய் மறந்துபோயிற்று. மனுசி ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லதற்கில்லை.

செப்ரெம்பர் 5, வியாழன்

வெயில். காற்றுக் கொஞ்சம் குறைவு.

ரேப்பை உரித்தேன். துளை புதுச் சாமான் போல மின்னியது. வயரைச் செருகினால் திரையில் ஒன்றுமில்லை. கார்டைக் கழற்றினால் படம் வருகிறது. பூட்டினால் போகிறது. கழற்றினால் வருகிறது.

காரணம் பிடித்தேன். கார்டைக் கண்டால் சின்ன சிப் தானாக ஒதுங்கிவிடுகிறது, பெரியவர் வந்தால் கதிரையை விட்டு எழும்புவது போல. கணினி எழும்பும்போது வருகிற நீலப் பக்கத்துக்குள் போய், கார்ட் இருந்தாலும் நீயும் இரு என்று மாற்றி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து. அகராதியில் பாதி இல்லை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருமுறை நேரம் திகதி எல்லாம் அழிந்து பழைய வருடம் ஒன்றுக்குப் போய்விட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து எழும்பின.

அடுத்தது, வரைகிற வேலையைக் கார்டிடம் கொடுக்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை. கார்ட் வரைந்து, முடிந்த படத்தைச் சின்னதின் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். சின்னது எடுத்துத் திரைக்கு விடும். கட்டளையைக் கொடுத்தேன். விசிறி உறுமியது. சூடேறியது. திரையில் ஒரு கறுப்பு ஜன்னல்.

கறுப்பு.

குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். "செத்த வீடு மாதிரி முகத்தை வைச்சிருக்கிறியள்" என்றாள் மனுசி.

பின்னேரம் விளங்கியது. நிழல், மங்கல், ஜன்னல் மெல்ல மறைவது என்று கணினியில் இருந்த அலங்காரங்களை எல்லாம், தேவையில்லாத எடுப்பு என்று நான் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன். அந்த அலங்காரம் செய்கிற பகுதிதான் கார்ட் கொடுக்கிற படத்தை வாங்கித் திரையில் பொருத்துகிறதாம். திரும்பப் போட்டேன்.

கோயில் வந்தது. வீதி வந்தது.

கடைக்காரத் தம்பிக்குப் போன் எடுக்கலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. இலக்கம் இல்லை.

செப்ரெம்பர் 6, வெள்ளி

முழு நாளும் படம். காலையில் கரண்ட் நின்றது, வந்தது.

வீதியின் ஏற்ற இறக்கம் ஆடி மாதம் நானே அளந்தது. மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயால். ஒரு நுனியில் நான், மறு நுனியில் மனுசி. போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன, பிள்ளையாருக்குச் சேலைன் ஏத்துறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மனுசி அன்றைக்குப் பட்ட வெட்கத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். படம் செய்கிற மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே ஓடும் என்ற கணக்கு மட்டும் நான் எழுதியது.

படம் ஓடும்போது திரையின் நடுவில் ஒரு கிழிசல். மேல் பாதி முன்னுக்குப் போகிறது, கீழ்ப் பாதி பின்னால் வருகிறது. கார்ட் கொடுக்கிற வேகமும் சின்னது வாங்கிக் காட்டுகிற வேகமும் ஒன்றல்ல. ஒன்றை ஒன்று பார்த்து நிற்கச் செய்தேன். சரி.

கார்டின் பலம் பெரிய பலம். சின்ன சிப்பில் நரைத்த கட்டைகளாக இருந்த கோயில், இதில் கல் கல்லாகத் தெரிகிறது. கோபுரத்துக்கு வண்ணம் கொடுத்தேன். பின்னேர வெயில் கொடுத்தேன். கல் பதித்த வீதியில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் நிற்கிறது என்பது தெரிய வேண்டும், ஆகவே தண்ணீரில் கோபுரம் தெரிகிற மாதிரி செய்தேன். தேர்முட்டி, வேப்பமரம், மணிக்கூண்டு, விளக்குக் கம்பங்கள். விட மனமில்லை.

மனுசி வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எங்கட பிள்ளையார்!"

"தண்ணியைப் பாரும்."

"பாக்கிறன், பாக்கிறன். என்ன வடிவு."

செப்ரெம்பர் 8, ஞாயிறு

கூட்டம்.

குலத்தின் ஓட்டோவில் கணினியை ஏற்றிக்கொண்டு போனேன். மேடு பள்ளத்தில் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோயில் மடத்தில் பெரிய ரீவி. செருகினேன், வந்தது. மகேந்திரனைப் போனில் கூப்பிட்டு, போனை ரீவிக்கு எதிரே தேங்காய் ஒன்றில் சாய்த்து வைத்தார்கள்.

முதலில் மணல் வீதி. மழை பெய்கிறது, மணல் குடிக்கிறது. சனம் பேசாமல் இருந்தது. சரி என்று நினைத்தேன். பிறகு கல் பதித்த வீதி. மழை பெய்கிறது, தண்ணீர் நிற்கிறது, கோபுரம் தலைகீழாகத் தண்ணீருக்குள் அசைகிறது.

"அம்மாடி" என்றது பெண்கள் பக்கம் ஒரு குரல்.

போனிலிருந்து மகேந்திரன்: "அண்ணை! உது உங்கட வேலையோ? அந்த எஞ்சினியற்ர படம் இதுக்குக் கிட்ட நிக்க ஏலாது!"

"தம்பி, அந்தத் தண்ணி நிக்கிறது..."

"ஓம் அண்ணை, அதைத்தான் சொல்லுறன். தண்ணியில கோபுரம் தெரியுது பாருங்கோ. இப்பிடியே வரவேணும். குலம் அண்ணை, இப்பிடியே செய்விக்கிறம்."

"கிணறு" என்றேன். "பின்னுக்குக் கிணறு வருது, பாருங்கோ."

கிணற்றில் தண்ணீர் இறங்குகிற இடம் வந்தபோது எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். குலம் எழும்பி, "அத்தான், அந்தக் கோபுரம் வாற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கு மறைச்சுப்போச்சாம்" என்றான்.

போடவில்லை. அவனே போட்டான்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். மழைக்கு முன் வேலை தொடங்குவதாம். நான் தூக்கவில்லை. மனுசி தூக்கினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கடலையும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

செப்ரெம்பர் 9, திங்கள்

வானம் மப்பு. மழை இல்லை.

என் படம் எல்லார் போனிலும். அதன்மேல் நாதஸ்வரம் போட்டிருக்கிறார்கள். கிணறு வருகிற பகுதியை வெட்டிவிட்டார்கள். லண்டனிலிருந்து யாரோ எந்தக் கொம்பனி செய்தது என்று கேட்டாராம். "எங்கட ஆலோசகர்" என்று குலம் பதில் போட்டிருக்கிறான்.

சோறு வேண்டாம் என்றேன். மனுசி புட்டு வைத்தாள். அதைச் சாப்பிட்டேன்.

"நான் கை தூக்கேல்லை" என்றாள், கேட்காமலே.

"ஏன்?"

"முழங்காலைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

நம்புவதா விடுவதா தெரியவில்லை.

நாள் முழுக்க யோசித்தது. சின்ன சிப்பிலேயே ஓட்டியிருந்தால் நரைத் தண்ணீர் ஒன்றுதான் வந்திருக்கும். ஒருவரும் வடிவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வேறு பார்க்க ஒன்றும் இல்லாதபடியால் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள். அதற்காகக் கார்டைக் குறை சொல்ல ஏலாது. அதனிடம் கோபுரத்தைக் கொடுத்தால் அது கோபுரத்தைத்தான் வரையும்.

முழங்கால் எண்ணெய் பக்கத்துக் கடையில் இருந்தது. வாங்கிக் கொடுத்தேன்.

செப்ரெம்பர் 10, செவ்வாய்

விடியவே தொடங்கினேன்.

விளக்குக் கம்பங்களை எடுத்தேன். மரத்தை எடுத்தேன். தேர்முட்டி, மணிக்கூண்டு. கோபுரத்தைத் தெரிவு செய்துவிட்டுக் கொஞ்சநேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அழித்தேன். மூலஸ்தானத்தையும். பிள்ளையார் கோபிக்க மாட்டார். அவருக்கும் தண்ணீர் வார்க்க வேண்டுமே.

நிலத்தைக் கேக் வெட்டுவது போல நேராக வெட்டினேன். மேலே மணல். அதன்கீழ் கல். கல்லுக்குள் நல்ல தண்ணீர் நீலம், அதன்கீழ் உவர் மண்ணிறம். நடுவில் கிணறு. கார்டின் முழுப் பலத்தையும் நிலத்துக்குக் கீழே கொடுத்தேன். மழை, கோடை, மழை, கோடை என்று வருடங்கள் ஓடும். வேறு ஒன்றும் இல்லை.

மனுசி விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"கோயில் எங்க?"

"எடுத்துப்போட்டன்."

"பாவம் தேடுறியள்."

ஆனால் போகவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"உந்த மண்ணிறம் என்ன?"

"சவர்த் தண்ணி."

"உந்தக் கோடு?"

"கிணத்தில வாளி முட்டுற இடம்."

கல் பதித்த பிறகு வருகிற முதல் கோடையில் நீலம் மெலிந்தது. அடுத்த மாரியில் முழுதாகத் திரும்பவில்லை. அதற்கடுத்த கோடையில் மண்ணிறம் கூம்பாக எழும்பி, மெல்ல, வாளிக் கோட்டைத் தொட்டது.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள். போட்டேன். கதிரையை இழுத்து இருந்துகொண்டு, திரும்பவும் போடச் சொன்னாள். பிறகு போனை எடுத்தாள்.

"டேய் குலம், நாளைக்கு விடிய வீட்டை வா. இல்லை, அத்தானோட கதைக்க இல்லை. என்னோட கதைக்க. குடம் தூக்கிறது உன்ர மகேந்திரனோ, நானோ?"

செப்ரெம்பர் 11, புதன்

குலம் வந்தான். பார்த்தான். முதலில், "கோயிலைக் காணேல்லை அத்தான்" என்றான்.

"கோயிலைத்தான் இவ்வளவு நாளும் பாத்தனீர். கிணத்தைப் பாரும்."

பார்த்தான். கேள்வி கேட்டான். சின்னக் கேள்விகள் இல்லை. கல் எவ்வளவு ஆழம், கோடை எவ்வளவு நீளம் என்று எல்லாம். எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

பிறகு சொன்னான், கதவைப் பார்த்துக்கொண்டு: மகேந்திரனின் தாய் வருகிற திருவிழாவுக்கு வருகிறா. நடக்க ஏலாது. சில்லுக்கதிரை. மணலில் சில்லுப் புதையும். அந்தத் தாய் சின்ன வயதில் விழுந்து கும்பிட்டு அடி அழித்த வீதியை ஒருமுறை முழுதாகச் சுற்றிவர வேண்டும் என்று கேட்டிருக்கிறா. கல் பதிக்கிற கதை அங்கேதான் தொடங்கியதாம்.

"இதை ஏன் கூட்டத்தில சொல்லேல்லை?"

"தாயை எல்லாருக்கும் முன்னால நோயாளி ஆக்க வேண்டாமெண்டு மகேந்திரன் சொன்னவன்."

குலம் திரும்பத் திரையைப் பார்த்தான்.

"அப்ப ஒண்டு செய்வம் அத்தான். வீதி முழுக்க வேண்டாம். சில்லுக்கதிரை போற அகலத்துக்கு ஒரு பாதை. சுத்திவர. மற்றதெல்லாம் மணல்."

"ஒரு கல்லும் வேண்டாம்."

"ஒரு பாதை மட்டும்..."

"இண்டைக்குப் பாதை. நாளைக்குப் பாதைக்குப் பக்கத்தில கரை கட்டுவியள். பேந்து விளக்கு. ஒரு கல்லும் வேண்டாம் எண்டால் வேண்டாம்."

குலம் எழும்பினான். "அத்தான், உங்களுக்குக் கிணறு வேணுமோ, நீங்கள் வெண்டியள் எண்ட பேர் வேணுமோ? மகேந்திரன் நாளைக்குப் பின்னேரம் பதில் கேக்கிறான். நீங்கள் ஓம் எண்டால் பாதை. இல்லையெண்டால் கூட்டம் சொன்னபடி முழு வீதியும்."

போய்விட்டான். தேத்தண்ணியில் பாதி அப்படியே.

மனுசி ஒரு சொல்லும் பேசவில்லை. இரவுச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருந்தது.

பின்குறிப்பு: ஒரு பாதையும் கெடுக்கும் என்று காட்டினால் எல்லாரும் அடங்குவார்கள். பாதையை வரைந்து ஓடவிட்டிருக்கிறேன்.

செப்ரெம்பர் 12, வியாழன்

மப்பு. கடற்பக்கம் தூரத்தில் மின்னுகிறது.

பாதை போட்ட கணக்கு விடிய முடிந்திருந்தது. மண்ணிறம் ஏறவில்லை.

எங்கேயோ பிழை என்று தேடினேன். பாதையை அகலமாக்கி ஓட்டினேன். ஏறவில்லை. மழை பொய்த்த வருடங்களை அடுத்தடுத்து வைத்தேன். கொஞ்சம் ஏறியது. பாதையை எடுத்துவிட்டு, வெறும் மணலில் அதே வருடங்களை ஓட்டினேன். அதிலும் அவ்வளவுதான் ஏறுகிறது. கல்லில் விழுகிற தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து மணலுக்குள் போய்விடுகிறது. கணக்கு நான் எழுதியது. வீதி நான் அளந்தது. குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை.

மத்தியானம் மனுசி முதல் வார்த்தை பேசினாள். "என்ன சொல்லுது உங்கட பெட்டி?"

"ஓடிக்கொண்டிருக்கு."

"முகத்தில தெரியுது" என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

கரை கட்டக்கூடாது. கல்லுக்கு நடுவில் சீமெந்து பூசக்கூடாது. பாதை ஒரு பக்கமாகச் சரியாமல் நடு உயர்ந்து இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவை என் நிபந்தனைகள். வேறு பேச்சில்லை.

ஓட்டோச் சத்தம். குலம்தான். கேற்றைத் திறக்காமல் வெளியே நின்று போனில் கதைக்கிறான். "கொஞ்சம் பொறு மகேந்திரன், கேட்டுச் சொல்லுறன்" என்பது இங்கே கேட்கிறது. மனுசி கதிரையை இழுத்துத் திரைக்கு நேரே போடுகிறாள்.

ஓம் என்று என் வாயால் வராது. பாதைப் படத்தை முதலிலிருந்து போட்டு வைத்திருக்கிறேன். வந்து இருந்து அவனே பார்க்கட்டும்.